கேட்டிருந்தீர்கள்: அமிலமும் மூலமும்

இம்முறை வந்த கடிதங்களில் அமிலம், மூலம் பற்றியவையே கூடுதலாக இருந்தன. பரீட்சைக்குப் படிப்போர் சிலர் எழுதியிருந்தார்கள்; அடுப்படியிலும் கிணற்றடியிலும் கண்டதைக் கேட்டு எழுதியவர்கள் அவர்களிலும் அதிகம்.

கேள்வி: இணையத்தில் தமிழ்நாட்டு ஆசிரியர்களின் பாடங்களைப் பார்த்துப் படிக்கிறேன். அவர்கள் "அமிலமும் காரமும்" என்கிறார்கள். எங்கள் பாடநூலில் "அமிலமும் மூலமும்" என்று இருக்கிறது; காரம் என்ற சொல்லும் தனியாக வருகிறது. பரீட்சையில் எதை எழுதுவது? (சாதாரண தர மாணவி, கொக்குவில்)

பதில்: இங்கே இலங்கைப் பரீட்சையில் மூலம் என்றே எழுதுங்கள். அமிலத்தை நடுநிலையாக்கி உப்பையும் நீரையும் தருகின்ற பொருள்களை நாம் மூலங்கள் என்கிறோம். அவற்றுள் நீரில் கரைபவற்றை மட்டுமே காரங்கள் என்கிறோம். கறுத்துப்போன பித்தளைக் குத்துவிளக்கைப் பழப்புளியால் தேய்க்கும்போது, உலோகத்தின்மேல் படர்ந்துள்ள செப்பு ஒட்சைட்டு, புளியிலுள்ள தாத்தாரிக் அமிலத்தோடு தாக்கமுற்றுக் கரைந்து போகிறது. அந்த ஒட்சைட்டு நீரில் கரையாதது என்பதால் அதைக் காரம் என்று சொல்ல முடியாது. ஆனால் அது மூலந்தான். வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பு, அதாவது கல்சியம் ஐதரொட்சைட்டு, சிறிதளவாவது நீரில் கரைவதால் இரண்டு பெயருக்கும் உரியது. தமிழ்நாட்டில் காரம் என்பதையே பொதுச்சொல்லாகக் கொண்டு, நீரில் கரைபவற்றை எரிகாரம் எனப் பிரித்திருக்கிறார்கள். பொருள் ஒன்றுதான், பெயரிடும் வழக்கு வேறு.

அங்கே மிளகாயின் சுவைக்கும் காரம் என்றே பெயர் என்பதால், மிளகாயில் காரப்பொருள் இருப்பதாக எண்ணிக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கக்கூடும். நமக்கு மிளகாய் உறைக்கிறது. ஆகவே அந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: வன்னமிலம் என்றால் செறிந்த அமிலம் என்று நினைத்திருந்தேன். ஆசிரியர் இரண்டும் வேறு என்கிறார். ஆய்வுகூடத்தில் ஒரே செறிவும் ஒரே கனவளவும் உள்ள ஐதரோகுளோரிக் அமிலத்தையும் அசற்றிக் அமிலத்தையும் நியமித்தபோது, அதாவது மூலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து முற்றாக நடுநிலையாக்கியபோது, இரண்டுக்கும் ஒரே அளவு சோடியம் ஐதரொட்சைட்டுத்தான் செலவானது. அப்படியானால் வன்மை என்பது எங்கே இருக்கிறது? (உயர்தர மாணவன், பருத்தித்துறை)

பதில்: நல்ல கேள்வி. பலர் இந்த இடத்தைப் புரியாமலே கடந்து, சூத்திரத்தை மட்டும் மனனஞ் செய்துவிடுகிறார்கள்.

நீரில் கரையும்போது ஐதரசன் அயனைத் தருவது அமிலம், ஐதரொட்சைட்டு அயனைத் தருவது மூலம் என்ற விளக்கத்துக்கு அடிப்படை, சுவீடனைச் சேர்ந்த அரீனியசு 1884இல் சமர்ப்பித்த ஆய்வேடு. 1923இல் பிரன்ஸ்ரெட்டும் லோரியும் தனித்தனியே அதை விரித்து, புரோத்தனை, அதாவது ஐதரசன் அயனைக் கொடுப்பது அமிலம், வாங்குவது மூலம் என்றார்கள். கொடுக்கல் வாங்கலாகப் பார்த்தால் உங்கள் சந்தேகம் எளிதில் தீரும். கொடுப்பதற்கு எவ்வளவு இருக்கிறது என்பது செறிவு. எவ்வளவு தாராளமாகக் கொடுக்கிறது என்பது வன்மை.

திருநெல்வேலிச் சந்தையில் இரண்டு வெங்காய வியாபாரிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இருவரிடமும் நூறு மூட்டை உண்டு. ஒருவர் நூறையும் வாசலில் அடுக்கிவிட்டார். மற்றவர் ஒரு மூட்டையை மட்டும் வெளியே வைத்து, அது விற்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து அடுத்ததை எடுத்து வருகிறார். வாசலை மட்டும் பார்த்துப் போகிறவருக்கு இரண்டாமவர் சிறிய வியாபாரியாகத் தோன்றுவார். ஆனால் முழுவதையும் வாங்க வருகிறவருக்கு இருவரும் ஒன்றுதான். கரைசலில் அயனாகி நிற்கும் ஐதரசனை அளக்கும் பி.எச். பெறுமானம் (அது குறையக் குறைய அமில இயல்பு கூடும்) வாசலைப் பார்க்கிறது. நியமிப்பு முழுவதையும் வாங்குகிறது. இலீற்றருக்கு 0.1 மூல் செறிவுள்ள ஐதரோகுளோரிக் அமிலத்தின் பி.எச். 1, அதே செறிவுள்ள அசற்றிக் அமிலத்தின் பி.எச். ஏறத்தாழ 2.9. சோரென்சன் 1909இல் வகுத்த இந்த அளவுத்திட்டத்தில் ஒவ்வோர் அலகும் பத்து மடங்கைக் குறிப்பதால், இரண்டாவதில் ஐதரசன் அயன்கள் எழுபது, எண்பது மடங்கு குறைவு. அதன் மூலக்கூறுகளில் நூற்றுக்கு ஒன்றைச் சற்றே தாண்டிய பங்குதான் அயனாகி நிற்கிறது. நீங்கள் சோடியம் ஐதரொட்சைட்டைச் சேர்க்கச் சேர்க்க அந்த அயன்கள் நீங்குவதால், சமநிலை பெயர்ந்து, எஞ்சியவையும் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன.

இரண்டு அமிலங்களுக்கும் இடையே ஒரு வேறுபாடு மட்டும் இறுதிவரை நிற்கும். அசற்றிக் அமிலம் முற்றாக நடுநிலையானபின் கிடைக்கும் கரைசல் சற்றுக் கார இயல்புடையது. எனவே அங்கே பினோத்தலீனைத்தான் காட்டியாக, அதாவது நிறமாற்றத்தால் முடிவை உணர்த்தும் பொருளாகப் பயன்படுத்த வேண்டும். மெதைல் செம்மஞ்சள் உரிய நேரத்துக்கு முன்பே நிறம் மாறிவிடும்.

கேள்வி: எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் கேத்திலின் அடியில் வெள்ளையாகத் தடித்த படிவு சேர்ந்துவிட்டது. பற்றரி அமிலம் ஊற்றினால் உடனே போய்விடும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா? (குடும்பத்தலைவி, சுன்னாகம்)

பதில்: செய்ய வேண்டாம். ஆபத்து என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. நீங்கள் நினைத்த வேலையும் அதனால் சரியாக நடக்காது. அதைச் சொல்வதற்கு முன் அந்தப் படிவு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். காங்கேசன்துறையில் சீமெந்துக்காக அகழப்பட்டதும், நம் கிணறுகளில் பக்கச்சுவராகத் தெரிவதும் அந்தக் கல்லே. மழைநீர் காற்றிலிருந்து காபனீரொட்சைட்டை வாங்கிக்கொள்வதால், தூய மழைக்கே பி.எச். 5.6 அளவில் இருக்கும். மண்ணினூடாக இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் காபனீரொட்சைட்டு அதில் மேலும் கூடுகிறது. இந்த மிக மென்மையான காபோனிக் அமிலந்தான் கல்லாகிய கல்சியம் காபனேற்றைக் கல்சியம் இருகாபனேற்றாக மாற்றி நீரில் கரைக்கிறது. நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணற்றின் ஆழமான பள்ளத்தை உண்டாக்கியது இந்தத் தாக்கமே. அதற்கு வேண்டியிருந்தது நெடுங்காலம் மட்டுமே. நீங்கள் கேத்திலை மூட்டும்போது அந்தத் தாக்கத்தை எதிர்த்திசையில் நடத்துகிறீர்கள். வெப்பத்தால் காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது, கரைந்திருந்த கல் மறுபடியும் கல்லாகி அடியில் படிகிறது. சுன்னாகத்து நிலத்தின் ஒரு துண்டு உங்கள் கேத்திலில் இருக்கிறது என்றால் அது மிகையாகாது.

இனிப் பற்றரி அமிலம். அது சல்பூரிக் அமிலம்; நிறைப்படி மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக அமிலம் உள்ள கரைசல். தோலையும் கண்ணையும் எரித்துவிடும். கல்சியம் காபனேற்றோடு சேரும்போது முதலில் நுரைத்து எழும். ஆனால் உண்டாகும் கல்சியம் சல்பேற்று நீரில் மிகக் குறைவாகவே கரைவதால், அது படிவின்மேல் போர்வைபோல மூடி, தாக்கத்தை அடக்கிவிடும். இங்கே வன்னமிலம் தோற்கும், மென்னமிலம் வெல்லும்: வினாகிரியிலுள்ள அசற்றிக் அமிலம் தரும் கல்சியம் அசற்றேற்று நன்றாகக் கரையக்கூடியது. ஒரு பங்கு வினாகிரிக்கு ஒரு பங்கு நீர் சேர்த்து, இளஞ்சூடாக்கி, அரை மணித்தியாலம் விட்டுவிடுங்கள். சிறுசிறு குமிழிகள் எழுவது தெரியும். அது கல் உருவானபோது போன அதே காபனீரொட்சைட்டு. தேசிக்காய்ச் சாறும் உதவும், ஆனால் அதைக் கொதிக்க விடாதீர்கள். சித்திரிக் அமிலம் தரும் கல்சியம் உப்பு சூடான நீரில் குறைவாகவே கரையும். கேத்தில் அலுமினியமானால் அமிலம் உலோகத்தையும் அரிக்கும் என்பதால் நேரத்தைக் குறைத்து, பின்னர் நன்றாகக் கழுவிவிடுங்கள்.

கேள்வி: உடம்பைக் காரத்தன்மையாக வைத்திருக்கும் என்று போத்தல் தண்ணீர் விற்கிறார்கள். வாங்கிக் குடிக்கலாமா? (ஓய்வுபெற்ற அலுவலர், நல்லூர்)

பதில்: காசு உங்களுடையது. வயிற்றுக்குள் பி.எச். பெரும்பாலும் 1க்கும் 3க்கும் இடையில் இருக்கிறது. எந்தக் கார நீரும் அங்கே சென்றவுடன் நடுநிலையாகிவிடும். குருதியின் பி.எச். 7.35க்கும் 7.45க்கும் இடையில் நிற்கும்படி நுரையீரலும் சிறுநீரகமும் ஓயாமல் பார்த்துக்கொள்கின்றன. தண்ணீரால் அதை மாற்ற முடியாது. மேலும், இருகாபனேற்று நிறைந்த நம் கிணற்று நீர் ஏற்கெனவே பொதுவாகச் சற்றுக் கார இயல்புடையதுதான். அந்த நீரைப்பற்றிக் கவலைப்பட வேண்டுமானால் உரத்திலிருந்தும் மலக்குழிகளிலிருந்தும் சேரும் நைத்திரேற்றைப்பற்றிக் கவலைப்படுங்கள், அதைப் பி.எச். காட்டாது.

கேள்வி: ஆலாத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்தால் ஏன் சிவக்கிறது? சட்டையில் பட்ட கறியின் மஞ்சள் கறை சவர்க்காரம் பட்டதும் சிவப்பதும் அதனால்தானா? (வாசகி, சாவகச்சேரி)

பதில்: அதனால்தான். மஞ்சளிலுள்ள குர்க்குமின் ஒரு காட்டி. அமிலத்திலும் நடுநிலையிலும் மஞ்சளாக இருக்கும், காரத்தில் செந்நிறமாகும். சவர்க்காரம் என்பது மென்மையான கொழுப்பமிலங்களும் வன்மூலமாகிய சோடியம் ஐதரொட்சைட்டும் சேர்ந்து தந்த உப்பு. ஆகவே அதன் கரைசல் காரமாக இருக்கும். சிவந்த கறையில் தேசிக்காய்ச் சாறு விட்டுப் பாருங்கள், மஞ்சள் திரும்பி வரும். வீட்டு முற்றத்துச் செவ்வரத்தம்பூ இதழைச் சுடுநீரில் ஊறவைத்து எடுத்தால் இதைவிட நல்ல காட்டி கிடைக்கும்: வினாகிரியில் சிவக்கும், சுண்ணாம்பு நீரில் பச்சையாகும். பாசிச்சாயத்தாள் இல்லாத பாடசாலைகளுக்கும் இது போதும்.

கேள்வி: கருப்பநீர் இறக்கும் முட்டியில் சுண்ணாம்பு பூசுவது ஏன்? (வாசகர், பளை)

பதில்: பூசாவிட்டால் அது கள்ளாகிவிடும். பனம்பாளையிலிருந்து சொட்டும் இனிப்பு நீரில் மதுவமும் (ஈஸ்ற்) பற்றீரியாவும் உடனே குடியேறுகின்றன. மதுவம் வெல்லத்தை மதுசாரமாக்க, பற்றீரியாக்கள் அமிலங்களை உண்டாக்குகின்றன. அப்படியே விட்டால் கடைசியில் வினாகிரிதான் எஞ்சும். நிரம்பிய சுண்ணாம்பு நீரின் பி.எச். 12க்கு மேற்பட்டது, அந்தக் காரத்தில் அவற்றால் பெருக முடியாது. இன்னொரு பயனும் உண்டு. அமிலமும் நொதியங்களும் சுக்குரோசைக் குளுக்கோசும் புரக்டோசுமாகப் பிளந்துவிடும். அப்படிப் பிளந்த பாகு பளிங்காகாது. பனங்கட்டி காய்ச்சும்போது பாகு இறுகாமல் இழுபடுகிறதென்றால், அன்று விடியற்காலை முட்டிக்குப் பூசிய சுண்ணாம்பு குறைந்துவிட்டது என்று காய்ச்சுகிறவர்கள் சொல்வதில் இரசாயனப் பிழை எதுவும் இல்லை.