பட்டறை பதில்கள்: இடம் சின்னது, பளு பெரியது

பேரிங் பற்றிச் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள் என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி, 'எந்தக் கம்பெனி நல்லது?' என்பதுதான். அதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. சர்க்கரை ஆலையிலும் ரோலிங் மில்லிலும் 36 வருடம் கிரீஸ் கையோடு திரிந்தவன் என்ற முறையில், மீதியில் ஐந்து கேள்விகளை எடுத்துக்கொண்டேன்.

ஐயா, கல் உடைக்கும் சின்ன ஜா கிரஷர் ஒன்று ஓட்டுகிறேன். ஷாஃப்ட் 100 மி.மீ. 22220 பேரிங் போட்டிருக்கிறோம். நான்கு மாதம்கூட வருவதில்லை. இன்னும் பெரிய பேரிங் போடச் சொல்கிறார் ஃபிட்டர். ஹவுசிங்கில் இடமில்லை. அதே இடத்துக்குள் இதைவிடப் பலமானது கிடைக்குமா? (கரூர் மாவட்ட வாசகர்)

கிடைப்பது கஷ்டம். நீங்கள் போட்டிருப்பதே அந்த இடத்துக்குள் அடங்குகிற பயில்வான்தான்.

100 மி.மீ. உள்துளை, 180 மி.மீ. வெளிவிட்டம். இதே அளவில் சாதாரண கோலி பேரிங் ஒன்று உண்டு, 6220. அதன் பளு மதிப்பு சுமார் 13 டன். அதே 34 மி.மீ. அகலத்தில் கோலிக்குப் பதில் நேர் உருளை வைத்தால் அது என்.யூ. 220. மதிப்பு சுமார் 29 டன். உங்களுடைய 22220 அகலத்தில் 12 மி.மீ. கூடுதல், 46 மி.மீ. பீப்பாய் வடிவ உருளைகள் இரண்டு வரிசை. சுமார் 44 டன். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். கோலி, தான் ஓடுகிற வளையத்தை, அதாவது ரேஸை, ஒரு புள்ளியில் தொடுகிறது, உருளை ஒரு கோடாகத் தொடுகிறது. கோலிக்கும் உருளைக்கும் உள்ள வித்தியாசம் அதில் வந்ததுதான்.

44 டன் என்றதும் 44 டன் ஏற்றிவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அவ்வளவு பளுவில் நூறு பேரிங் ஓடினால் தொண்ணூறு பேரிங்காவது பத்து லட்சம் சுற்று தாண்டும் என்பதுதான் அதன் அர்த்தம். உங்கள் கிரஷர் நிமிடத்துக்கு 250 சுற்று என்றால் பத்து லட்சம் சுற்று 67 மணி நேரத்தில் முடிந்துவிடும். கல்லின் அடியையும் சேர்த்து உண்மையான பளு 11 டன் என்று வைத்துக்கொள்வோம். மதிப்பில் கால் பங்கு. ஆயுள் சுமார் 6,700 மணி நேரம் வரும். தினம் பத்து மணி நேரம் ஓட்டினால் கிட்டத்தட்ட இரண்டு வருடம். உருளை பேரிங்கில் பளுவைப் பாதியாக்கினால் ஆயுள் இரண்டு மடங்கு ஆவதில்லை, பத்து மடங்கு ஆகும். ஐந்தில் ஒரு பங்கு குறைத்தாலே இரண்டு மடங்கு.

இந்தக் கணக்குப்படி நான்கு மாதத்தில் போகிற பேரிங் உழைத்துக் களைத்துப் போனது அல்ல. யாரோ கொல்கிறார்கள்.

முதல் ஆள் தூசி. கல் தூசி உள்ளே போனால் கிரீஸ் சாணைப் பசையாகிவிடும். உருளைக்கும் ரேஸுக்கும் நடுவே உள்ள எண்ணெய்ப் படலம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அதில் ஒரு கல் துகள் மாட்டினால் மலை மாதிரி. மூடியில் தூசியைத் தடுக்க வளைந்து வளைந்து போகும் லாபிரிந்த் காடிகளில் கிரீஸ் நிரம்பி வெளியே பிதுங்கியபடி இருக்க வேண்டும். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அதைத் துடைத்துச் சுத்தமாக வைக்கும் ஆப்பரேட்டரை நான் பார்த்திருக்கிறேன். நல்ல மனிதர், ஆனால் அவர் கையாலேயே தூசிக்குக் கதவு திறந்துவிட்டார்.

இரண்டாவது ஆள் கிரீஸ் கன். 'சூடாகிறது, இன்னும் கொஞ்சம் அடி' என்று அடித்தால் இன்னும்தான் சூடாகும். உள்ளே கிரீஸைக் கடையும் வேலையே வெப்பத்தைக் கிளப்பும். ஒரு தடவைக்கு எத்தனை கிராம் என்பதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. வெளிவிட்டத்தையும் அகலத்தையும் மி.மீ.யில் பெருக்கி 0.005 ஆல் பெருக்குங்கள். உங்களுக்கு 180, 46. வருவது 41 கிராம். உங்கள் கன்னில் ஓர் அழுத்தத்துக்கு எத்தனை கிராம் வருகிறது என்று மளிகைக் கடைத் தராசில் ஒருமுறை எடை போட்டுவிடுங்கள்.

மூன்றாவது ஆள் நாமே. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஆலையில் ராத்திரி ஷிஃப்டில் ஒரு பேரிங் மாட்டினேன். சூடு பண்ண நேரமில்லை. சம்மட்டியை எடுத்து அவுட்டர் ரேஸிலேயே அடித்து ஏற்றினேன். ஷாஃப்டில் இறுக்கமாக ஏறுவது இன்னர் ரேஸ். அப்படியிருக்க அவுட்டரில் அடித்தால் அந்த அடி முழுவதும் உருளைகள் வழியாகத்தான் போகும். பதினோராம் நாள் பேரிங் அலறியது. கழற்றிப் பார்த்தால் ரேஸில் உருளைக்கு ஓர் அச்சு, ஒரே இடைவெளியில் வரிசையாகத் தெரிந்தது. 'கையெழுத்து அழகா இருக்குப்பா' என்றார் ஃபோர்மேன். அந்த ரேஸ் வெகுநாள் என் மேஜையில் பேப்பர் வெயிட்டாக இருந்தது.

நேர் துளை பேரிங் என்றால் இண்டக்‌ஷன் ஹீட்டரிலோ எண்ணெய்த் தொட்டியிலோ 110 டிகிரிக்குச் சூடாக்கி ஏற்றுங்கள். 120 தாண்ட வேண்டாம், கேஸ் கட்டர் தீ வேண்டவே வேண்டாம். நம்பரின் பின்னால் 'கே' இருந்தால் சரிவுத் துளை, ஸ்லீவில் ஏறுவது. அதில் நட்டை இறுக்க இறுக்க உள் இடைவெளி குறையும். இறுக்கும் முன்பும் பின்பும் பளு இல்லாத பக்கத்து உருளைக்கும் அவுட்டர் ரேஸுக்கும் நடுவே ஃபில்லர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டு அளக்க வேண்டும். உங்கள் அளவுக்கு 0.05 மி.மீ. சுற்றுவட்டாரத்தில் குறைய வேண்டும், சரியான எண் கம்பெனி அட்டவணையில் இருக்கும். ஃபில்லர் கேஜ் இல்லாத ஃபிட்டர் என்றால் முதலில் அதை வாங்கிக் கொடுங்கள். ஒரு பேரிங் விலையில் பெட்டி பெட்டியாக வரும்.

நான் கோவையில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு மாணவி. பிளானட்டரி கியர்பாக்ஸ் ஒன்று டிசைன் செய்கிறோம். பிளானட் கியருக்கு உள்ளே பேரிங் வைக்க இடமே இல்லை. குறைந்த இடத்தில் அதிகப் பளுவும் நீண்ட ஆயுளும் வேண்டும் என்றால் எங்கே ஆரம்பிப்பது?

இந்தக் கடிதத்தைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. கேட்டலாக்கைப் புரட்டி நம்பர் தேடாமல், இடத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறீர்கள் அம்மா. இந்த விஷயத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இடத்தை ஒரு பக்கம் மிச்சம் பிடித்தால் இன்னொரு பக்கம் வட்டியோடு கட்ட வேண்டும். எங்கே கட்டுவது என்று தேர்ந்தெடுப்பதுதான் டிசைன்.

முதலில் கேஜை எடுத்துவிடலாம். உருளைகளைப் பிரித்து வைக்கிற கூண்டு அது. அதை எடுத்தால் கூடுதலாகச் சில உருளைகள் நுழையும், ஒவ்வொன்றின் தலையிலும் விழும் பளு குறையும். இங்கே கட்ட வேண்டியது வேகம். பக்கத்துப் பக்கத்து உருளைகள் ஒரே திசையில் சுற்றுவதால், தொடுகிற இடத்தில் ஒன்று மேலே போகும், மற்றது கீழே வரும். வேகம் கூடினால் உரசியே சூடாகிவிடும். மெதுவாகச் சுற்றும் கிரேன் கியர்பாக்ஸுக்குச் சரி, வேகமான மோட்டார் பக்க அடுக்குக்குச் சரிவராது.

அடுத்து அவுட்டர் ரேஸையே எடுத்துவிடலாம். கியரின் உள்துளையையே கிரைண்ட் செய்து உருளை ஓடும் பாதையாக்கிவிடுவது. மிச்சமாகிற இடத்தில் பெரிய உருளையே வைக்கலாம். இதில் இன்னொரு லாபமும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. பிளானட் கியரில், நடுவே உள்ள சன் கியர் பக்கப் பல்லிலும் வெளியே சுற்றியுள்ள ரிங் கியர் பக்கப் பல்லிலும் விழும் சுற்றுவிசைகள் இரண்டும் ஒரே திசையில் சேர்ந்து, அந்தக் கியர் மாட்டியிருக்கும் அச்சான பின்னைத் தள்ளுகின்றன. பின்களைத் தாங்கும் கேரியரில் உட்கார்ந்து பார்த்தால் அந்தத் தள்ளல் திசை மாறுவதே இல்லை, கியர்தான் அதைச் சுற்றி ஓடுகிறது. தனியாக அவுட்டர் ரேஸ் இருந்தால் பளு அதைச் சுற்றிச் சுற்றி நசுக்கி, கியரின் துளைக்குள்ளேயே அது மெல்ல மெல்ல நகர ஆரம்பிக்கும். முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் நிற்கிற மாதிரியான காற்றாலைகளின் கியர்பாக்ஸ் டிசைனில் இது பேர்போன தலைவலி. ரேஸே இல்லையென்றால் நகர எதுவும் இல்லை.

இதற்கான வட்டி உலோகத்தில். கியர் இப்போது பேரிங்காகவும் வேலை செய்ய வேண்டும். பாதையின் கடினம் ராக்வெல் சி 58க்குக் குறையக் கூடாது, கார்புரைசிங் (மேல்தோலில் கார்பன் ஏற்றிக் கடினமாக்குவது) ஆழமும் போதுமானதாக இருக்க வேண்டும். உருளை அழுத்தும்போது உலோகம் அதிகம் வேதனைப்படுவது மேல்தோலில் அல்ல, மில்லிமீட்டரில் பத்தில் சில பங்கு ஆழத்தில். 1880களின் தொடக்கத்தில் ஹெர்ட்ஸ் கொடுத்த தொடுகைக் கணக்கிலிருந்து வருவது இது. அதிர்வெண் அலகுக்குப் பெயர் தந்த அதே ஹெர்ட்ஸ்தான். கடினத் தோல் மெல்லியதாக இருந்தால் அதற்குக் கீழே விரிசல் பிறந்து ஒருநாள் செதிலாகப் பெயரும். இன்னொன்று, பல்லின் அடிக்கும் துளைக்கும் நடுவே உள்ள விளிம்புக் கனம். பல்லின் அளவைச் சொல்லும் மாட்யூலின் மூன்று மடங்காவது வைப்பது என் வழக்கம். அதைச் சுரண்டினால் கியர் வளையல் போல நெளியும், பளு இரண்டு மூன்று உருளைகள் மேலேயே விழும்.

கடைசியாக உருளையின் உருவம். படத்தில் செவ்வகமாக வரைந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். முனை வரை நேராக இருக்கிற உருளை, முனையில்தான் ரேஸைக் கடிக்கும். கியரைத் தாங்கும் பின் கொஞ்சம் வளைந்தால் கடி இன்னும் மோசம். அதனால் முனைகளை மைக்ரான் கணக்கில் இறக்குவார்கள். எந்த வளைவில் இறக்கினால் அழுத்தம் சமமாகப் பரவும் என்பதற்கு 1939ல் லுண்ட்பெர்க் ஒரு மடக்கை வளைவைத் தந்தார், இன்றைக்கும் அதைத்தான் பின்பற்றுகிறார்கள். ஒரே நீள உருளையைவிடக் குட்டையாக இரண்டு வரிசை நல்லது. நீளம் கூடினால் உருளை சாய்ந்து ஓடப் பார்க்கும்.

உங்கள் ரிப்போர்ட்டில் பின் எவ்வளவு வளைகிறது என்ற கணக்கு இருக்கட்டும். நேர் உருளை பேரிங் சாய்வில் மூன்று நான்கு நிமிடம்தான் பொறுக்கும். டிகிரி இல்லை, நிமிடம், ஒரு டிகிரியில் அறுபதில் ஒன்று. கரூர்க்காரர் வைத்திருக்கும் பீப்பாய் உருளை இனம் ஒன்றரை டிகிரி வரை பொறுக்கும். அதன் மூதாதை பிறந்தது ஒரு நூற்பாலையில் என்பது எனக்குப் பிடித்த கதை. ஸ்வீடனில் யோட்டெபோரி நகரத்து ஆலை களிமண் தரையில் நின்றது. கட்டடம் அசைய, ஷாஃப்ட் கோணலாக, பேரிங் போய்க்கொண்டே இருந்தது. அங்கே பராமரிப்புப் பார்த்த ஸ்வென் விங்க்விஸ்ட் 1907ல் தானே சாய்ந்து கொடுக்கிற கோலி பேரிங்கைச் செய்தார். கோலிக்குப் பதில் பீப்பாய் உருளை வைத்தவர் பால்ம்கிரென், 1919ல்.

பேரிங் நம்பரில் அளவு ஒளிந்திருக்கிறது என்கிறார்களே, எப்படிப் படிப்பது? (அரக்கோணம் வாசகர்)

கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்குங்கள், உள்துளை மி.மீ.யில் வந்துவிடும். 04லிருந்து மேலேதான் இது செல்லும். 00, 01, 02, 03 நான்கும் முறையே 10, 12, 15, 17. நீங்கள் ரயில் ஊர்க்காரர், அதனால் ஓர் உதாரணம். பெரம்பூரில் பிறந்த பழைய ஐ.சி.எஃப். பெட்டிகளின் அச்சுப் பெட்டிக்குள் இருப்பது 22326. 26 ஐந்து 130 மி.மீ. முன்னால் உள்ள 223, பீப்பாய் உருளையில் கனமான வரிசை. வெளிவிட்டம் 280, அகலம் 93. புது எல்.எச்.பி. பெட்டிகளில் இது இல்லை, சரிவு உருளை (கூம்பு வடிவம்) இரண்டு வரிசையாக வைத்து மூடி முத்திரையிட்ட கார்ட்ரிட்ஜ் இனம்.

தேவைக்கு மேலே பெரிய பேரிங் போட்டுவிட்டால் நிம்மதிதானே? (பெருந்துறை வாசகர்)

இல்லை. உருளை உருள வேண்டும் என்றால் அதை யாராவது அழுத்த வேண்டும். பளு போதவில்லை என்றால் உருளை உருளாமல் வழுக்கும், எண்ணெய்ப் படலம் கிழியும், ரேஸ் மங்கலாகித் தேயும். மதிப்பில் நூற்றுக்கு இரண்டு பங்காவது பளு இருக்க வேண்டும் என்பது கைக்கணக்கு. மேலே சொன்ன 22220க்கு அது முக்கால் டன்னுக்கு மேல். வெறும் கன்வேயர் உருளைக்குப் போய் அதைப் போட்டீர்கள் என்றால் காசும் போச்சு, பேரிங்கும் போச்சு.

எங்கள் டயர் மாட்டு வண்டியில் பழைய லாரி பேரிங் இருக்கிறது. சக்கரம் ஆடுகிறது. இறுக்கினால் மாடு இழுக்க முடியவில்லை. (லால்குடிப் பக்கத்து வாசகர்)

அது சரிவு உருளை பேரிங், ஒரு சக்கரத்துக்கு இரண்டு, எதிரெதிராக. 1898ல் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை வாங்கிய ஹென்றி டிம்கனும் குதிரை வண்டி செய்தவர்தான், அதனால் உங்கள் கேள்வி சரியான இடத்துக்கே வந்திருக்கிறது. சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, கையால் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்குங்கள். நின்ற சக்கரத்தில் இறுக்கினால் உருளைகள் ஒழுங்காக உட்காராது. சுற்றுவது கனமாகத் தெரிந்ததும் நிறுத்தி, நட்டைப் பின்னால் திருப்புங்கள், காட்டர் பின் ஓட்டை நேர்ப்படும் அடுத்த இடம் வரை. சக்கரத்தின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பிடித்து ஆட்டினால் மெல்லிய ஆட்டம் விரலுக்குத் தெரிய வேண்டும், கண்ணுக்குத் தெரியக் கூடாது. பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் முழுக்கக் கழுவிவிட்டுப் புதிதாக வையுங்கள். அதன் மேலேயே வண்டி மையைத் தடவ வேண்டாம்.