ஒரு பிரிவு, மூன்று மேசைகள்

கேள்வி: சிங்கப்பூரின் துவாஸ் வட்டாரத்தில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். பகலுணவு வேளையில் என் பிரிவினர் மூன்று மேசைகளாகப் பிரிந்தே உட்காருகிறார்கள். மொழிதான் காரணம் என்றால், தமிழர்களே இரண்டு மேசைகளில் இருக்கிறார்கள். ஒரு மேசைக்குத் தெரிந்த செய்தி அடுத்த மேசைக்குப் போவதில்லை. இக்குழுக்களைக் கலைப்பது எப்படி?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஊட்லண்ட்ஸ்

பதில்: கலைப்பதற்கு முன், அவை எதனால் உண்டாயின என்று பாருங்கள். மொழியையும் ஊரையும் நாம் சட்டென்று காரணமாகச் சொல்லிவிடுகிறோம். அன்றாடம் யார் பக்கத்தில் யார் வேலை செய்கிறார் என்பதற்கும் அதே அளவு பங்குண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர் குடியிருப்பில் உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரும் சகாக்களும் நடத்தி 1950இல் வெளியிட்ட ஆய்வில், அங்கிருந்தவர்கள் அடுத்த வீட்டாருடனேயே அதிகம் நட்புக் கொண்டது தெரிந்தது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடியில் வளர்ந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. உங்கள் தமிழ் மேசைகளிலும், லாரியிலிருந்து சரக்கு இறக்குபவர்கள் ஒன்றிலும் பொட்டலம் கட்டுபவர்கள் மற்றொன்றிலும் இருக்கிறார்களா என்று கவனியுங்கள்.

அருகாமையில் தொடங்கும் குழுவைப் பல வேளைகளில் இறுக்கிப் பிடிப்பது அச்சம். சிகாகோவுக்கு அருகே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதோர்ன் ஆலையில், தொலைபேசி இணைப்பகக் கருவிகளைப் பொருத்திய 14 ஆண்களை ஆய்வாளர்கள் 1931-32இல் ஒரே அறையில் வைத்துக் கவனித்தார்கள். அறையின் முன்பகுதியில் ஒரு குழுவும் பின்பகுதியில் ஒரு குழுவும் உருவாயின. சிலர் இரண்டிலும் சேரவில்லை. உற்பத்தி கூடினால் எல்லாருக்கும் ஊதியம் கூடும் என்ற ஏற்பாடு இருந்தும், ஒரு நாளைக்கு இவ்வளவு போதும் என்று அவர்களே வரம்பு வைத்துக்கொண்டார்கள். மிஞ்சி உழைத்தவருக்குப் புயத்தில் குத்து விழுந்தது. மேலாளரிடம் கோள் சொல்பவரை அவர்கள் மதிக்கவில்லை. வேகமாகச் செய்தால் கூலி விகிதத்தைக் குறைப்பார்கள், ஆளையும் குறைப்பார்கள் என்பது அந்தப் பொருளாதார மந்தநிலைக் காலத்தில் அவர்களுக்கிருந்த அச்சம். இதைப் பிடிவாதம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. நிறுவனம் தராத பாதுகாப்பை அவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள்.

ஆகவே உங்கள் இடத்தில் ஓவர்டைம் குறையப்போகிறது என்றாலோ புது இயந்திரம் வரப்போகிறது என்றாலோ, அச்செய்தி முதலில் யார் காதில் விழுகிறது? அலுவலகத்தில் ஆள் தெரிந்த ஒருவர் வழியாகத்தான் விஷயம் கசிகிறது என்றால், அவர் உட்காரும் மேசையை மற்றவர்கள் விட்டு விலகமாட்டார்கள். காலைக் கூட்டத்தில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் நீங்களே சொல்லுங்கள். சரக்கு இறக்குபவரையும் பொட்டலம் கட்டுபவரையும் சில வாரங்களுக்கு இணையாக வேலை செய்ய வையுங்கள். சாப்பிடும் இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். உத்தரவு போட்டு இடம் மாற்றினால் குழு இன்னும் இறுகும். ஆனால் புதிதாக வந்தவருக்கு எவரும் வேலை சொல்லித் தராமல் ஒதுக்கினாலோ, அதிகம் உழைப்பவரை மற்றவர்கள் சேர்ந்து மிரட்டினாலோ, அன்றே நேரில் தலையிடுங்கள்.