சியாவ்கே மாத்திரையும் அப்பாவின் இரவு வியர்வையும்

வணக்கம். குவாங்சோவுக்கு உங்களோடு தங்க வந்திருக்கும் அப்பா, சர்க்கரை நோய்க்கான கிளிமிபிரைடு மாத்திரையோடு சேர்த்து சியாவ்கே என்ற சீன மூலிகை மாத்திரையையும் வேளைக்குப் பத்து விழுங்குகிறார், இரவில் வியர்த்துக் கை நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்தக் கறுப்பு உருண்டைகளை நிறுத்துங்கள். மருத்துவர் தந்த மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். இன்றே மருத்துவரிடம் பேசுங்கள்.

அது வெறும் மூலிகை அல்ல. ஏதோ கிழங்கு, மக்காச்சோள நார் என்று ஏழு சரக்குகளோடு, ஒவ்வொரு உருண்டையிலும் 0.25 மில்லிகிராம் கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மருந்தும் இருக்கிறது. பத்து என்றால் 2.5 மில்லிகிராம். கிளிமிபிரைடும் அதே வகை மருந்துதான். ஒரே வேலைக்கு இரண்டு ஆள் வைத்த கதை. ஒளிவுமறைவும் இல்லை, பெட்டியிலேயே சீனத்தில் அச்சிட்டிருக்கிறார்கள், நாம்தான் படிப்பதில்லை.

நடுக்கம் வந்தவுடன் சர்க்கரையை அளந்து பாருங்கள். 70 மி.கி./டெ.லி.-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி அளக்க வேண்டும். இந்த மருந்தால் வரும் சர்க்கரைத் தாழ்வு ஒருமுறை ஏறிய பிறகும் திரும்ப இறங்கும், வயதானவர்களுக்கு இன்னும் அதிகம். மயங்கினால் வாயில் எதையும் ஊற்றாமல் சீனாவின் ஆம்புலன்ஸ் எண் 120-ஐ அழையுங்கள்.

‘ஆனால் சர்க்கரை குறைந்ததே’ என்கிறீர்கள். குறையத்தான் செய்யும். 2013-இல் வெளியான சீன ஆய்வில் சியாவ்கேயைத் தனி கிளிபென்கிளமைடோடு ஒப்பிட்டார்கள்: சர்க்கரை ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது, தாழ்வு மட்டும் சியாவ்கேயில் குறைவு. மூலிகைக்கும் பங்கு இருக்கலாம், மறுக்கவில்லை. அப்பாவுக்கு அது இரட்டை மருந்து. மருத்துவரிடம் போகும்போது பெட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.