மருந்து மூளைக்குள் போகிற வழி: கேட்டவர்களுக்குப் பதில்

நான் மருந்தியல் பாடம் நடத்துகிறவன், டாக்டர் இல்லை. மாத்திரையைக் கூட்டுவது, குறைப்பதெல்லாம் உங்கள் டாக்டரிடம்தான்.

நர்சிங் மாணவி: ரத்தத்தில் வருவதை மூளைக்குள் விடாத ரத்த-மூளைத் தடுப்பு என்றால் மூளையைச் சுற்றி இருக்கும் உறையா?

இல்லைம்மா. மூளைக்குள் ஓடும் தந்துகிகள், அதாவது மிக மெல்லிய ரத்தக் குழாய்கள், அவற்றின் சுவரேதான் தடுப்பு. மற்ற உறுப்புகளில் அந்தச் சுவரின் செல்களுக்கு நடுவே இடுக்கு இருக்கும், மூளையில் இறுக்கமாக ஒட்டியிருக்கும். எட்வின் கோல்ட்மன் என்ற ஆராய்ச்சியாளர் முதலில் நீலச் சாயத்தை விலங்குகளின் ரத்தத்தில் ஏற்றிப் பார்த்தார். உடம்பெல்லாம் நீலம், மூளையும் தண்டுவடமும் மட்டும் வெள்ளை. 1913-ல் அதே சாயத்தை மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் மூளைத் தண்டுவட நீரில் விட்டதும் மூளையும் நீலமானது. மூளையில் சாயம் ஒட்டாது என்ற பழைய விளக்கம் அதோடு போச்சு.

லோபரமைடு ஓபியாய்டு (அபின் போன்ற மருந்து) வகையாமே, வயிற்றுப்போக்குக்குப் போட்டால் போதை ஏறவில்லையே?

சுவர் மட்டுமில்லை, பம்ப்பும் இருக்கிறது. பி-கிளைக்கோபுரோட்டீன் என்று பெயர். லோபரமைடு கொழுப்பில் நன்றாகக் கரையும், சுவருக்குள் நுழையவும் செய்யும், ஆனால் நுழைந்த வேகத்திலேயே பம்ப் அதை ரத்தத்துக்குத் திருப்பித் தள்ளிவிடும். நிறைய விழுங்கிப் பம்ப்பை ஏமாற்றலாம் என்று யாரும் கணக்குப் போடாதீர்கள், இதயத் துடிப்பின் தாளம் கெட்டு உயிரே போயிருக்கிறது.

அலர்ஜிக்குப் பழைய மாத்திரை போட்டால் தூக்கம், புதியது போட்டால் இல்லை. இதுவும் அதுதானா?

அதே பம்ப்தான் முக்கியக் காரணம். புதிய மாத்திரையான ஃபெக்சோஃபெனடினை வெளியே தள்ளும், பழைய குளோர்பெனிரமினைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது.

அப்பாவுக்குப் பார்க்கின்சன். டோபமைன் குறைவு என்றால் அதையே கொடுக்கக் கூடாதா? மாத்திரையும் சில நாள் வேலையே செய்வதில்லை.

டோபமைன் என்பது மூளைச் செல்கள் சேதி அனுப்பும் வேதிப்பொருள், அது தடுப்பைத் தாண்டாது. பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா தாண்டும், ஏனென்றால் அது அமினோ அமிலம். மூளை தனக்கு வேண்டிய அமினோ அமிலங்களை உள்ளே எடுக்க வைத்திருக்கும் கடத்தியிலேயே ஏறிப் போய், உள்ளே டோபமைனாக மாறும். வெளியிலேயே மாறிவிட்டால் குமட்டல், மருந்தும் வீண். அதனால் கார்பிடோபா என்ற இன்னொரு மருந்தைச் சேர்க்கிறார்கள். அது மூளைக்குள் போகாது என்பதுதான் வசதி, வெளியே நடக்கும் மாற்றத்தை மட்டும் நிறுத்தும்.

இப்போது உங்கள் சந்தேகம். ரெண்டு முட்டையோ கெட்டிப் பருப்போ சாப்பிட்டால், அதிலிருந்து வரும் அமினோ அமிலங்கள் குடலிலும் மூளை வாசலிலும் லெவோடோபாவோடு இடத்துக்குப் போட்டி போடும். மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்டது, நடுக்கம் திரும்பிய நேரம் மூன்றையும் ஒரு வாரம் நோட்டில் குறித்து டாக்டரிடம் காட்டுங்கள். புரதத்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைக்கு ஏன் முதுகில் ஊசி?

புற்றுநோய் மருந்தான மெத்தோட்ரெக்சேட்டை வழக்கமான அளவில் ரத்தத்தில் கொடுத்தால் மூளைத் தண்டுவட நீருக்குப் போதுமான அளவு போகாது. புற்றுசெல்கள் அங்கே ஒளிந்திருந்து பிறகு தலைகாட்டும். அதனால் கீழ்முதுகில் எலும்புகளுக்கு நடுவே மெல்லிய ஊசி போட்டு, கொஞ்சம் நீரைச் சோதனைக்கு எடுத்துவிட்டு, அதே ஊசி வழியாக மருந்தை விடுவார்கள்.

மூளைக் கட்டிக்குத் தடுப்பையே திறக்க முடியாதா?

முடியும். 2015-ல் டொராண்டோவின் சன்னிபுரூக் மருத்துவமனையில் மண்டையைத் திறக்காமலே செய்தார்கள்: ரத்தத்தில் நுண்குமிழிகளை விட்டு, வெளியிலிருந்து அல்ட்ராசவுண்டைக் குவித்தால், குமிழிகள் சுருங்கி விரியும்போது இடுக்கு திறக்கும், ஒரு நாளுக்குள் மூடிக்கொள்ளும். கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுக் கட்டியின் நடுவில் தடுப்பு ஏற்கெனவே கிழிந்துதான் கிடக்கும், தொல்லை ஓரத்தில், நல்ல திசுவுக்குள் பரவிய செல்களிடம். திறக்க முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதனால் நோயாளி கூடுதல் காலம் வாழ்ந்தால்தான் அதைச் சிகிச்சை என்பேன்.

பெரிய புரத மருந்துகளுக்கு வழியே இல்லையா?

இருக்கிறது. இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரினுக்காகத் தந்துகிச் சுவரில் ஏற்பிகள், அதாவது அதைப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள், உண்டு. அவற்றைப் பிடிக்கும் ஆன்டிபாடியோடு நொதியை ஒட்டிவிட்டால், நொதியும் சேர்ந்து உள்ளே போகும். ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும் ஹன்டர் நோய்க்கான பாபினாஃபஸ்ப் ஆல்ஃபா இப்படித்தான் வேலை செய்கிறது, 2021-ல் ஜப்பான் ஒப்புதல் தந்தது, கை நரம்பில் ஏற்றினாலே போதும்.