மூளைக்கு எம்.ஆர்.ஐ: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போர்க்காலத்தில் பட்ட செல் துண்டு ஒன்று அம்மாவின் தோளில் இன்னும் இருக்கிறது. இப்போது தலைக்கு எம்.ஆர்.ஐ எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?
வாசகி, சாவகச்சேரி

பெரும்பாலும் எடுக்கலாம். ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியவர் கதிரியல் வைத்திய நிபுணர், அதுவும் எக்ஸ்ரே பார்த்த பிறகு. எங்கள் ஊர்களில் பல வீடுகளுக்கு இது பொருந்தும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

செல் துண்டு பெரும்பாலும் உருக்கு. எம்.ஆர்.ஐ இயந்திரத்துக்குள் இருப்பது பெரிய காந்தம்; 1.5 ரெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) காந்தம் பூமியின் காந்தப்புலத்தைவிட 30,000 மடங்குக்கு மேல் வலியது. உருக்கை அது இழுக்கும், திருப்பவும் பார்க்கும். தசைக்குள் பல வருடம் கிடந்த துண்டைச் சுற்றித் தழும்பு வளர்ந்து இறுக்கியிருக்கும், ஆகவே அது அசைவது அரிது. கண்ணுக்குள், மூளைக்குள், முள்ளந்தண்டு வடத்துக்கு அருகில், பெரிய இரத்தக்குழாயை ஒட்டி இருந்தால் கதை வேறு. அங்கே சிறு அசைவே பார்வையையோ உயிரையோ பறிக்கலாம்.

செல் வெடித்தால் ஒரு துண்டோடு நிற்பதில்லை. தோளில் இருப்பது உங்களுக்குத் தெரிகிறது, மற்றவை எங்கே என்பது தெரியாது. அதனால் முகம், கழுத்து, நெஞ்சு ஆகியவற்றுக்கும் எக்ஸ்ரே தேவையா என்று கேளுங்கள். பழைய வைத்தியசாலை அட்டை இருந்தால் கொண்டுபோங்கள். ‘பழைய காயம்தானே’ என்று படிவத்தில் ‘இல்லை’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். வெல்டிங், இரும்பு அராவும் வேலை செய்தவர்களும் கண்ணில் எப்போதாவது துகள் பட்டிருந்தால் சொல்ல வேண்டும். இதயமுடுக்கி, மூளை இரத்தக்குழாயில் போட்ட கிளிப், காதுக்குள் பொருத்திய கேட்கும் கருவி இருப்பவர்கள் அதன் மாடல் விபரம் உள்ள அட்டை இல்லாமல் வரவே கூடாது. இந்தக் காந்தம் ஸ்கான் நடக்காத நேரத்திலும் வேலை செய்துகொண்டேதான் இருக்கும்.

எம்.ஆர்.ஐயில் ஒரே மூளை ரி1 படத்தில் ஒரு மாதிரியும் ரி2 படத்தில் வேறு மாதிரியும் தெரிவது ஏன்?
உயர்தர மாணவன், பருத்தித்துறை

எக்ஸ்ரேயைப் போல இங்கே கதிர் எதுவும் உடம்பை ஊடுருவி நிழல் விழுத்துவதில்லை. சமிக்ஞை தருவது நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஐதரசனின் புரோத்தன்கள். 1.5 ரெஸ்லாவில் ஏறத்தாழ 64 மெகாஹேர்ட்ஸ் ரேடியோ அலையால் அவற்றைச் சாய்க்கிறோம். அலை நின்றதும் இரண்டு விடயங்கள் நடக்கின்றன: அவை மெல்ல மெல்லக் காந்தத்தின் திசைக்குத் திரும்புகின்றன (ரி1), ஒன்றுக்கொன்று ஒத்துச் சுழல்வதை இழக்கின்றன (ரி2). கொழுப்பு விரைவாகத் திரும்பும், நீர் இரண்டிலும் மெதுவானது. அலையை எத்தனை மில்லிசெக்கனுக்கு ஒருமுறை கொடுப்பது, சமிக்ஞையை எப்போது பதிவது என்ற இரண்டையும் மாற்றி எந்த வேறுபாடு தெரிய வேண்டும் என்று தெரிவுசெய்கிறோம்.

ரி1 படத்தில் மூளைத் தண்டுவடத் திரவம் கறுப்பு. மூளையின் அமைப்பைப் பார்க்க அது நல்லது. ரி2 படத்தில் அதே திரவம் வெள்ளை, வீக்கமும் வெள்ளை. திரவத்தை ஒட்டியுள்ள நோய்த்தடம் அந்த வெண்மைக்குள் மறைந்துபோகும். அதற்காகத்தான் ஃபிளேர்: திரவத்தின் சமிக்ஞையை மட்டும் அணைத்துவிட்டு எடுக்கும் ரி2 வகைப் படம். நீர் எவ்வளவு தாராளமாக அசைகிறது என்று பார்க்கும் டிஃப்யூஷன் படம், இரத்தம் தடைப்பட்ட பகுதியைச் சில நிமிடங்களிலேயே வெள்ளையாகக் காட்டத் தொடங்கும். பழைய தடமும் வெள்ளையாகத் தெரியலாம் என்பதால் நீரின் அசைவை அளந்து காட்டும், கூடவே வரும் ஏ.டி.சி படத்தில் அதே இடம் கறுப்பா என்று பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது.

பாரிசவாதம் என்று கொண்டுபோன அப்பாவுக்கு சி.ரி மட்டும் எடுத்தார்கள். எம்.ஆர்.ஐ தானே திறம்?
வாசகர், மானிப்பாய்

அந்த நேரத்தில் சி.ரி எடுத்தது சரி. முதலில் தெரிய வேண்டியது இரத்தக் கசிவு இருக்கிறதா என்பது. சி.ரி அதைச் சில நிமிடங்களில் சொல்லும். கசிவு இல்லாவிட்டால்தான் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுக்கலாம், அதையும் வழமையாக 4.5 மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். எம்.ஆர்.ஐக்கு 20 முதல் 40 நிமிடம் தலையை அசைக்காமல் கிடக்க வேண்டும். அசைந்தால் படம் முழுவதும் கோடு கோடாகக் கலங்கும்.

தாலிக்கொடியைக் கழற்றத்தான் வேண்டுமா?
வாசகி, நல்லூர்

ஆம். தங்கத்தைக் காந்தம் இழுக்காது, ஆனால் கழுத்தைச் சுற்றிய உலோக வளையத்தில் ரேடியோ அலை மின்னோட்டத்தைத் தூண்டும், சூடேறித் தோல் பொசுங்கலாம். மனம் கேட்காவிட்டால் அன்றைக்கு மஞ்சள் நூல் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். அச்சரக்கூடு, கொண்டை ஊசி, சரிகைச் சேலை எல்லாம் வெளியிலேயே இருக்கட்டும்.