வாடகை 18,000: கையில் நிற்பது எவ்வளவு?

கேள்வி: துபாயில் வேலை பார்க்கிறேன். கோவை சரவணம்பட்டியில் கடன் போட்டு வாங்கிய டபுள் பெட்ரூம் ஃபிளாட்டை முதல்முறையாக வாடகைக்கு விட்டிருக்கிறேன். வாடகை 18,000 ரூபாய், ஈ.எம்.ஐ. 32,000. வாடகை என் பழைய எஸ்.பி. அக்கவுன்டுக்கு வருகிறது. வீட்டைச் சித்தப்பா மகன் பார்த்துக்கொள்கிறான். ஈ.எம்.ஐ.யில் பாதிக்கு மேல் வாடகையே கட்டிவிடும் என்ற என் கணக்கு சரியா?

பதில்: 12 மாத வாடகையும் முழுசாக வரும் என்று போட்டிருக்கிறீர்கள், அங்கேதான் இடிக்கிறது. ஆள் மாறுகிற வருடம் வீடு ஒரு மாதமாவது பூட்டிக் கிடக்கும். புரோக்கருக்கு இன்னொரு மாத வாடகை. சொத்து வரி, பெயின்ட், பிளம்பர் என்று 20,000 வைத்துக்கொள்ளுங்கள். 2,16,000-ல் 56,000 போனால் மிச்சம் 1,60,000. அதில் தம்பிக்கு மாதம் ஆயிரம் கொடுத்தால் உங்களுக்கு நிற்பது மாதம் 12,300 சொச்சம். அந்த வருடம் சம்பளத்திலிருந்து ஈ.எம்.ஐ.க்கு மாதம் 20,000 ஒதுக்கத் தயாராக இருங்கள்.

ஆமாம், தம்பிக்குக் காசு கொடுக்கத்தான் சொல்கிறேன். சொந்தக்காரன்தானே என்று சும்மா விட்டால், பாத்ரூம் குழாய் ஒழுகுகிறது என்று குடியிருப்பவர் நாலு தடவை கூப்பிட்ட பிறகுதான் எட்டிப் பார்ப்பான். நீங்களும் ஏன் என்று கேட்க முடியாது. அவன் பெயருக்கு ஒரு பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்து, பதிவு, ரிப்பேர், இவ்வளவு மட்டும். விற்கும், அடமானம் வைக்கும் உரிமை அதில் வரவே கூடாது. துபாய் இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பி, பத்திரம் ஊருக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டச் சொல்லுங்கள். '11 மாத ஒப்பந்தம்தானே, பதிவு எதற்கு' என்று புரோக்கர் சொல்லுவார். கேட்காதீர்கள். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி எல்லா வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும்.

எஸ்.பி. அக்கவுன்டை உடனே என்.ஆர்.ஓ. (வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்திய வருமானத்தைப் போட்டுவைக்கும் கணக்கு) ஆக மாற்றுங்கள். வெளிநாட்டில் வசிப்பவர் சாதாரண எஸ்.பி. வைத்திருக்கக் கூடாது.

அடுத்தது பலரும் கோட்டை விடுகிற இடம். வீட்டுக்காரர் என்.ஆர்.ஐ. என்றால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் குடியிருப்பவர் 31.2% டி.டி.எஸ். (வாடகை கொடுக்கும்போதே பிடிக்கிற வருமான வரி) பிடித்துக் கட்ட வேண்டும். உங்களுக்கு அது மாதம் 5,616 ரூபாய். கைக்கு வருவது 12,384. முதலில் சொன்ன 12,300 சொச்சத்தில் இந்தப் பிடித்தத்தைக் கழிக்கவில்லை. அவர் டான் எண்ணும் (வரி பிடிப்பவருக்கான கணக்கு எண்) வாங்க வேண்டும். இதை முதலிலேயே சொல்லாவிட்டால் பின்னால் மனக்கசப்புதான். வாடகையில் 30% நிலைக்கழிவும் (செலவுக் கணக்கு காட்டாமலே கிடைக்கும் கழிவு) கடன் வட்டியும் போனால் உங்களுக்குப் பெரும்பாலும் வரியே வராது. ரிட்டர்ன் போட்டால் பிடித்த பணம் திரும்பி வரும். அதுவரை காத்திருக்க முடியாது என்றால், குறைந்த விகிதத்தில் பிடிக்கச் சான்றிதழ் கேட்டு வருமான வரித் துறைக்கு விண்ணப்பிக்கலாம்.

அட்வான்ஸ் பணத்தைத் தொடாதீர்கள், அது அவருடையது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஈ.பி. பில் கட்டியாகிவிட்டதா என்று இணைப்பு எண்ணைப் போட்டு நீங்களே பாருங்கள். காலி செய்கிற அன்று மீட்டரைத் தம்பி போட்டோ எடுத்து அனுப்பிய பிறகு அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தால் போதும்.