ஐந்து சென்ட் பாட்டில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எம்.பி.ஏ. படிக்கிறேன். கோகோ கோலா, பெப்சி இரண்டின் பிராண்டிங்கையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுத வேண்டும். பெயரை மறைத்துக் கொடுத்தால் பெப்சிதான் ருசி என்று பலர் சொல்கிறார்கள். ஆனால் விற்பனையில் கோக் முன்னால் நிற்கிறது. அப்படியென்றால் விளம்பரம் நம்மை ஏமாற்றுகிறது என்றுதானே பொருள்? இன்னொன்று, பெப்சி லோகோவை மாற்றிக்கொண்டே இருக்கிறது, கோக் மாற்றுவதில்லை. இதில் எது சரி?

கே., கோயம்புத்தூர்

அன்புள்ள கே.,

ஏமாற்று என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பெயரை மறைத்துக்கொண்டு யாரும் கடையில் கோலா வாங்குவதில்லை. அதோடு, ஒரு மடக்கு குடித்துப் பார்க்கும்போது இனிப்பு தூக்கலான பானம் முந்திக்கொள்ளும். முழு பாட்டிலையும் குடிக்கும்போது அதே இனிப்பு திகட்டலாம்.

ருசிச் சோதனை வருவதற்குப் பல ஆண்டுகள் முன்னால் போய்ப் பாருங்கள். இந்தப் போட்டியின் அடிப்படையே அங்கேதான் இருக்கிறது. 1915இல் இண்டியானா மாநிலத்தின் டெரே ஹோட் ஊரில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலை கோக்குக்காக இடை வளைந்த பாட்டிலை வடிவமைத்தது. இருட்டில் தடவினாலும், உடைந்து கிடந்தாலும், இது கோக் பாட்டில் என்று தெரிய வேண்டும் என்பதுதான் கம்பெனி சொன்ன நிபந்தனை. அதில் ஆறரை அவுன்ஸ், அதாவது 190 மில்லிக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். விலை ஐந்து சென்ட்.

1930களின் பொருளாதார மந்தத்தில் பெப்சி, ஏற்கெனவே திவாலாகிக் கைமாறிய கம்பெனி. சார்லஸ் கத் என்பவர் அதை வாங்கி, பழைய பீர் பாட்டில்களில் 12 அவுன்ஸ் நிரப்பி விற்றார். முதலில் பத்து சென்ட்டுக்கு விற்றதில் சரக்கு ஓடவில்லை. ஐந்து சென்ட்டாகக் குறைத்ததும் பிய்த்துக்கொண்டு போனது. அதே காசுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பதை 1940இல் ரேடியோ விளம்பரப் பாட்டாக்கி நாடெங்கும் ஒலிக்கவிட்டார்கள்.

கோக் ஏன் பதிலடி கொடுக்கவில்லை? கொடுக்க வழியில்லை. பாட்டிலைப் பெரிதாக்கலாம் என்றால், ஊர் ஊராக, கோக்கை நிரப்பி விற்கும் பாட்டிலர்களிடம் குவிந்திருந்த சின்ன பாட்டில்களை என்ன செய்வது? விலையை மாற்றலாம் என்றால், தானியங்கி இயந்திரங்கள் எல்லாம் ஐந்து சென்ட் நாணயம் ஒன்றை வாங்கிக்கொள்ளத்தான் செய்யப்பட்டிருந்தன. அந்த விலையிலிருந்து வெளியே வர முடியாமல், 1953இல் கோக்கின் தலைவர் ராபர்ட் உட்ரஃப், ஏழரை சென்ட்டுக்கு ஒரு புது நாணயம் வெளியிடும்படி அதிபர் ஐசன்ஹோவரிடமே கேட்டார். நாணயம் வரவில்லை. எது கோக்கின் பலமோ, அதுவே அதன் கையைக் கட்டிப்போட்டது. என்னைக் கேட்டால், பெப்சியின் மொத்த வரலாற்றிலும் இதைவிடக் கெட்டிக்கார மார்க்கெட்டிங் கிடையாது. இத்தனைக்கும் அதைச் செய்தபோது அவர்கள் கையில் பணமே இல்லை.

ஆனால் மலிவு விலை மலிவுப் பெயரையும் கொண்டுவந்து சேர்த்தது. அதைத் துடைக்கத்தான் 1963இல் ‘பெப்சி தலைமுறை’ வந்தது. பானத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, அதைக் குடிக்கிறவர் யார் என்று பேச ஆரம்பித்தார்கள். கோக் அப்பா அம்மாவின் பானமாகிவிட்டது!

அப்புறம் 1975இல் டாலஸ் நகரில் பெப்சி சேலஞ்ச் தொடங்கியது. நீங்கள் சொல்லும் ருசிச் சோதனை இதுதான். பதற்றப்பட்ட கோக், ஏறத்தாழ 2 லட்சம் பேரிடம் சுவை பார்த்து, 1985 ஏப்ரல் 23 அன்று புது ஃபார்முலாவை அறிவித்தது. பெப்சி வெற்றி கொண்டாடி ஊழியர்களுக்கு விடுமுறை விட்டது. ஜூன் மாதத்துக்குள் கோக் அலுவலகத்துக்கு நாளொன்றுக்கு 1,500 அழைப்புகள் வந்தன. 79 நாளில் பழைய கோக்கைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. எது ருசி என்பது பெப்சி கிளப்பிய கேள்வி. கோக் அதற்கு பதில் சொல்லியே இருக்கக் கூடாது. பழைய கோக்கை எடுத்துவிட்டால் எப்படி இருக்கும் என்று அந்த 2 லட்சம் பேரிடம் யாரும் சரியாகக் கேட்கவில்லை.

எதிராளியின் பலத்தையே அவருக்குச் சுமையாக்கும் இந்த வித்தையை நம் ஊரிலும் பார்த்தோம். 1996 உலகக் கோப்பைக்குக் கோக் பணம் கட்டி அதிகாரபூர்வ பானமானது. சச்சினை வைத்து ‘நத்திங் அஃபிஷியல் அபவுட் இட்’ என்று விளம்பரம் செய்தது பெப்சி. காசு கொடுத்து வாங்கிய பட்டத்தை ஆபீசர் சமாச்சாரமாக மாற்றிவிட்டார்கள். பட்டத்தைத் திருப்பிக் கொடுக்கவா முடியும்?

லோகோ விஷயத்தில் இரண்டு பேர் செய்வதும் சரிதான். 1886இல் கணக்காளர் ஃபிராங்க் ராபின்சன் எழுதிய சாய்ந்த எழுத்து கோக்குக்குப் பெரிய சொத்து, அதைத் தொட அவசியமில்லை. இளைஞர்களின் பானம் என்று சொல்லிக்கொண்ட பெப்சிக்கு அந்த வசதி இல்லை. 1963இல் இருபது வயதாக இருந்தவருக்கு இன்று எண்பதுக்கு மேல். அவருடைய பேரப்பிள்ளைகளிடம் அது மறுபடி முதலிலிருந்து அறிமுகமாக வேண்டும். கட்டுரையில் லோகோவுக்கு ஒரு பத்தி போதும், ஐந்து சென்ட் கதைக்கு நிறைய இடம் கொடுங்கள்.